கண்ணு வெளிச்சம்

பச்சையாறு நகரில் எல்லா வீட்டையும் ஒரே காண்டிராக்டர்தான் கட்டினார், எல்லா வீட்டுக்கும் ஒரே உவர் மணலைத்தான் போட்டார், அதனால் ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்ததுமே எல்லா வீட்டுச் சுவரும் ஒன்றுபோல் வியர்த்து, எல்லா வீட்டு சுவிட்ச் போர்டும் தொட்டவர் கையைச் சுண்டி இழுத்து, பாளையங்கோட்டைக்குத் தெற்கே வரிசையாக நின்ற அந்த வீடுகளில் அத்தனை பேரும் மரக்கரண்டிக் காம்பால் விளக்குப் போடப் பழகியிருந்தார்கள். யாரும் யாரைப் பார்த்தும் வயிறெரியாத ஒரே விஷயம் அந்த நகரில் அதுதான்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு எலக்ட்ரீஷியன் ஆசீர் ஒரு புது சுவிட்சைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து அமுக்கினான். அறையின் மறுமூலையில் ஒரு பல்பு எரிந்தது. “வயர் கெடையாது, பேட்டரியும் கெடையாது. நீங்க அமுக்குத அமுக்குலயே துளி கரண்டு பொறக்கும். அது வீட்டுக்குள்ள வைக்கிற பெட்டிக்குச் சொல்லும், பெட்டி லைட்டுக்குச் சொல்லும். செவத்த ஒடைக்காண்டாம், சும்மா ஒட்டினாப் போதும்” என்றான். கைதட்டல் எழுந்தது. பெட்டிக்குச் சுவிட்சை எப்படிப் பழக்குவது என்பதையும் சொன்னான். பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்கினால் நீல வெளிச்சம் மின்னும், அது மின்னுகிற நேரத்தில் சுவிட்சை மூன்று தரம் அமுக்கினால் பெட்டி அதை மனதில் வைத்துக்கொள்ளும், ஒரு வீட்டை முடித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும்.

“அப்ப மொத வீடு எது?” என்று யாரோ கேட்டார்கள்.

தெற்கு வரிசைக்காரர்கள் வடக்கு வரிசையைப் பார்த்தார்கள், வங்கி மேனேஜர் வீட்டம்மா வாத்தியார் வீட்டம்மாவைப் பார்த்தாள், பிரமு எதிர்வீட்டுச் சந்தனமாரியைப் பார்த்தாள். சங்கச் செயலாளர் பூதலிங்கம் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், சனங்களை அறிந்தவர். “நல்ல நேரம் ஒண்ணுதானய்யா இருக்கு. வெள்ளிக்கெழம காலைல பிள்ளையார் கோயில் மணி அடிக்கும். அடிச்சதும் எல்லா வீட்டுலயும் ஒரே நேரத்துல அமுக்குங்க” என்றார்.

“சார், அப்படிச் செய்யப்படாது. பெட்டி கொழம்பிரும்” என்றான் ஆசீர்.

“பெட்டி கொழம்பினாக் கொழம்பட்டும். சனம் கொழம்பப்படாது.”

வெள்ளிக்கிழமை காலையில் சுவிட்சுகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு வீடு பாக்கியில்லாமல் பெட்டிகள் நீலமாக மின்ன, கோயில் மணி அடித்ததும் நகரமே சேர்ந்து மூன்று தரம் அமுக்கியது. எல்லார் பெட்டியும் எல்லார் சுவிட்சையும் கற்றுக்கொண்டது.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் பிரமு தன் வீட்டுக் கூடத்தில் நின்று சுவிட்சை அமுக்கினாள், எதிர்வீட்டுக் கூடத்தில் விளக்கு எரிந்தது. மறுபடி அமுக்கினாள், அணைந்தது. சமையலறைச் சுவிட்சை அமுக்கினால் சந்தனமாரியின் சமையலறை, குளியலறைச் சுவிட்சை அமுக்கினால் சந்தனமாரியின் குளியலறை. பிரமுவின் வீடு மட்டும் இருட்டாக இருந்தது. அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. வெளிச்சம் வந்தால் அந்த வீட்டுக்குத்தானே போகும் என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

சந்தனமாரியைப் பிரமுவுக்குப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். பிடிக்கும், அதுதான் சங்கடம். இரண்டு பேரும் ஒரே மாசத்தில் குடிவந்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே பிளான், ஒரே போர் வண்டிதான் இரண்டு வீட்டிலும் துளை போட்டது, பிரமு வீட்டில் உப்புத் தண்ணீர் வந்தது, தெருவைத் தாண்டி அங்கே கல்கண்டாக வந்தது. ஒரே கொடியிலிருந்து ஒடித்துவைத்த பிச்சி இங்கே இலையாக மண்டியது, அங்கே பூவாகக் கொட்டியது. சந்தனமாரி சிரித்தால் கீரைக்காரிகூட ஒரு பிடி கூடுதலாகப் போட்டுவிட்டுப் போவாள், பிரமு சிரித்தால் “என்னக்கா, ஒடம்புக்கு முடியலியா?” என்று கேட்பாள். ஒரு பொம்பிளைக்கு இதற்குமேல் என்ன வேண்டும், வயிறு பற்றிக்கொள்ள?

பிரமு வீட்டில் மட்டும் இப்படி என்று நினைத்தால், மேனேஜர் அமுக்கினால் பூதலிங்கம் வீட்டு மாடி எரிந்தது, பூதலிங்கம் அமுக்கினால் காரை வாங்கி நிறுத்தியிருந்த வாத்தியார் வீட்டுக் கார் ஷெட் எரிந்தது. ஆசீரைக் கூப்பிட்டார்கள். அவன் வீடு வீடாக ஏறி இறங்கி, கொடுத்த காப்பியையெல்லாம் குடித்து, கடைசியில் தலையைச் சொறிந்தான்.

“எல்லாப் பெட்டிக்கும் எல்லாச் சுவிட்சும் தெரியும் சார். எந்த லைட்டப் போடணும்னு அதுக்குத் தெரியல. பேட்டரி இருந்தா பேட்டரி சொல்லும். இதுல வெரல் மட்டுந்தான இருக்கு, அது எங்க போகணும்னு நெனைக்குதோ அங்க போவுது.”

“சரி பண்ண முடியாதா?”

“ஏன் முடியாது? எல்லாத்தையும் அழிச்சிட்டு ஒவ்வொரு வீடா மறுபடி பழக்கணும். எந்த வீட்டுல இருந்து ஆரம்பிக்க?”

பூதலிங்கம் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இருப்பது இருந்துவிட்டுப் போகட்டும் என்று கூட்டத்தை முடித்துவிட்டார்.

இப்படித்தான் கண்ணு வெளிச்சம் பச்சையாறு நகரில் குடியேறியது, பெயரும் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது. அதன் குணங்களைச் சனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டார்கள். எந்த விரல் போட்டதோ அந்த விரல் அமர்த்தினால்தான் அது அணையும். சாதாரண வெளிச்சத்தைப் பெட்டியோடு இணைத்த செல்போனிலேயே அமர்த்திவிடலாம், கண்ணு வெளிச்சம் செல்போனுக்கு அடங்காது. மெயினை இறக்கினால் போகும், ஏற்றினால் உடனே வந்து நிற்கும். சிலர் சூதானமாகச் சுவிட்சைத் தொடாமல் செல்போனிலேயே விளக்குப் போடப் பார்த்தார்கள், ஆனால் செல்போனில் போடுகிற வீடு எதையோ மறைக்கிற வீடு என்று பேச்சுக் கிளம்பியதும் அவர்களும் வெட்கப்பட்டுச் சுவிட்சுக்கே திரும்பினார்கள்.

முதலில் எல்லாரும் கூசினார்கள், பிறகு கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. தன் வீட்டில் கண்ணு வெளிச்சம் எரிந்தால் அது கௌரவம் என்றாகிவிட்டது. வாசலில் கட்டியிருந்த திருஷ்டிப் பூசணிக்காயையும் நாக்கைத் துருத்திய பொம்மைகளையும் வெளிச்சத்தைத் தடுக்கின்றன என்று ஆளுக்கு முந்தி அவிழ்த்துப் போட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பகலில் வருவதை விட்டுவிட்டு, பொழுதடைந்ததும் தெருமுனையில் காரை நிறுத்தி எந்த வீடு தானாக எரிகிறது என்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். கண்ணு வெளிச்சமே வராத வீட்டுக்காரர்கள் பெயிண்ட் அடித்தார்கள், சோபாவை வாசல் வழியாக எல்லாரும் பார்க்கும்படி மெதுவாக இறக்கினார்கள், பிள்ளைகளின் மார்க்கைத் தெருவில் நின்று செல்போனில் சத்தமாகச் சொன்னார்கள்.

சந்தனமாரியின் வீடு கல்யாண வீடுபோல எரிந்தது. பாதி நகரத்தின் விரல் அங்கேதான் போயிற்று, அதிலும் பெரும்பங்கு பிரமுவின் விரல். படுக்கப்போகிற நேரத்தில் சந்தனமாரி தெருவைத் தாண்டி வருவாள். முகத்தில் துளி கோபம் இருக்காது.

“அக்கா, கூடத்து லைட்ட ஒரு கை அமத்திருங்கக்கா. அவுக கண்ணக் கூசுதுன்னு சொல்லுதாக.”

“நான் எங்கட்டீ போட்டேன்?”

“ஒங்க கைதாங்கா. ஒங்க கைன்னா கொஞ்சம் பளிச்சின்னு எரியும்” என்று சிரிப்பாள். கேலியாகச் சொன்னாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லலாம். அவள் அன்பாகச் சொல்வாள், கையில் ஒரு முழம் பிச்சிப்பூவையும் கொடுப்பாள். பிரமு அமர்த்துவாள், அவள் போகிற நடையைப் பார்ப்பாள், பார்த்ததும் வாசல் சுவிட்சில் கை தானாகப் போகும், எதிர்வீட்டு வாசல் மறுபடி பளிச்சென்று எரியும்.

தன் வீட்டுக்கு ஒரு தரம், ஒரே ஒரு தரம், யார் விரலாவது வெளிச்சம் போடாதா என்றுதான் பிரமு ஏங்கினாள். அவளும் பட்டுச்சேலையைத் துவைக்காமலே கொடியில் காயப்போட்டாள், கோயம்புத்தூரில் படிக்கிற மகளுக்கு மெடல் கிடைத்ததைக் கோயிலில் அர்ச்சனை வைத்துச் சொன்னாள், பக்கத்து வீட்டில் கூட யாரும் மூச்சுவிடவில்லை. ஊரெல்லாம் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் வெந்துகொண்டிருக்க, தன்னைப் பார்த்து வேக ஓர் ஆள் இல்லையே என்று அவள் நொந்துகொண்டாள். அதன்பிறகு அவள் சுவிட்சைத் தொடுவதையே விட்டுவிட்டாள். எல்லா விளக்கையும் போடுவதும் அமர்த்துவதும் அவள் புருஷன் தளவாயின் வேலையாயிற்று.

தளவாய் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். வருகிற வண்டிக்கும் போகிற வண்டிக்கும் நேரம் எழுதி எழுதி அவர் முகமே ஒரு சுவர்க்கடிகாரம்போல ஆகியிருந்தது. அவர் சுவிட்சை அமுக்கினால் அவர் வீட்டு விளக்குத்தான் எரியும், ஒரு நாள் தப்பாது. அடுத்தவன் சொத்தைப் பார்த்து ஆசைப்படாத மனுஷன் என்று தெரு முழுக்க அவரை மெச்சியது. அதேபோல் சந்தனமாரியின் விரலால் தன் வீட்டில் விளக்கு எரிந்ததாகவும் யாரும் புகார் சொன்னதில்லை. கோயில் கொடைத் திருவிழா அன்று பூதலிங்கம் இரண்டு பேரையும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார், பொறாமை என்கிற அழுக்குப் படாத இரண்டு உள்ளங்கள் என்று மைக்கில் முழங்கினார்.

கீழே மேனேஜர் வீட்டம்மா பிரமுவின் காதுபடவே சொன்னாள். “பாத்தியளா, ரெண்டும் சோடி சேந்தாப்ல நிக்கி. ஒரே வீட்டுல இருந்திருக்கவேண்டிய ஆளுக.”

பிரமுவுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை எரிந்தது. தண்ணீரையும் பூவையும் சிரிப்பையும் எடுத்துக்கொண்டவள் இப்போது புருஷனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். தளவாய் வேறு, பொன்னாடையைச் சரிசெய்தபடி சந்தனமாரியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார், வீட்டில் ஒரு நாளாவது அப்படிச் சிரித்திருக்கிறாரா? வீட்டுக்கு வந்ததும் பிரமு சுவிட்சைத் தொடுவதில்லை என்றிருந்ததை மறந்து எல்லாச் சுவிட்சையும் அடிஅடியென்று அடித்தாள். சந்தனமாரி வீட்டில் யாரும் போடாத மாடித்தொட்டி விளக்கும், ஃபியூஸ் போய்க் கழற்றி வைத்த பல்புகளும்கூட எரிந்தன.

மறுவாரம் தளவாய் கோவில்பட்டியில் ஒரு சடங்கு வீட்டுக்கு விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். பிரமு எழுந்து வந்தபோது கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செல்போனை எடுத்து அமர்த்தினாள். அணையவில்லை. மறுபடி அமர்த்தினாள். மெயினை இறக்கி ஏற்றினாள், விளக்கு வந்து நின்றது. அவள் வாசலுக்கு ஓடினாள்.

“சந்தனம்! ஏட்டி சந்தனம்! இங்க வா!”

சந்தனமாரி மாவுக் கையோடு ஓடிவந்து பார்த்தாள், பிரமுவின் செல்போனை வாங்கித் தானும் அமர்த்திப் பார்த்தாள். “அக்கா! இது கண்ணு வெளிச்சம்லா!” என்று கூவி, மாவுக் கையாலேயே பிரமுவைக் கட்டிக்கொண்டாள்.

அன்று பிரமு இருந்த இருப்பைச் சொல்லி முடியாது. பால் வாங்கி, சேமியாப் பாயசம் வைத்து, வீடு வீடாகக் கொடுத்தாள். பட்டுச்சேலையைக் கொடியிலிருந்து எடுத்து உடுத்திக்கொண்டாள். பட்டப்பகலில் அந்தக் கூடத்து விளக்கைப் பார்க்கத் தெருவே வந்தது. யார் போட்டது என்பதுதான் எல்லாருக்கும் கேள்வி. “வெக்கப்படாதிய, யாரா இருந்தாலும் நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்” என்று பிரமு பெருந்தன்மையாகச் சொன்னாள். மேனேஜர் வீட்டம்மா தன் வீட்டுக்குப் போய் அமுக்கிவிட்டு வந்தாள். விளக்கு அசையவில்லை. வாத்தியார் வீட்டம்மா போனாள், பூதலிங்கம் போனார், வடக்கு வரிசை போயிற்று, தெற்கு வரிசை போயிற்று. ஒவ்வொருவரும் போய்வரப் போய்வரப் பிரமுவின் முகம் சுருங்கியது. போகாதவள் சந்தனமாரி ஒருத்திதான், அவளைப் போகச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை, மேடையில் பொன்னாடை வாங்கியவளாயிற்றே. சாயங்காலம் ஆகும்போது போய்ப் பார்க்க ஆள் பாக்கியில்லை, விளக்கு எரிந்தபடியே இருந்தது.

“ஏதாவது பெட்டி ரிப்பேரா இருக்கும்” என்றாள் மேனேஜர் வீட்டம்மா, பாயசத் தம்ளரைக் கீழே வைத்து.

ஊர் கூடி வந்து, உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட எங்களில் ஒருத்தரும் இல்லை என்று வீட்டுக்குள் நின்று சொல்லிவிட்டது. இத்தனை நாளும் அது பிரமுவுக்கு மட்டும் தெரிந்த துக்கமாக இருந்தது. அவள் பட்டுச்சேலை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள். பூமி பிளந்தால் இறங்கியிருப்பாள்.

அப்போதுதான் தளவாய் தோளில் பையோடு உள்ளே வந்தார், கூட்டத்தைப் பார்த்துப் பதறிப்போனார். “என்ன, பிள்ளைக்கு ஏதும் ஆயிப்போச்சா?” என்றவர், ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மேலே பார்த்தார். “ஏ, காலைல அவசரத்துல லைட்ட அமத்தாமப் போயிட்டேனா?” என்றபடி போகிறபோக்கில் சுவிட்சைத் தட்டினார்.

விளக்கு அணைந்தது.

தளவாய்க்கும் அப்போதுதான் புரிந்திருக்கவேண்டும், அவசரமாக மறுபடி தட்டினார், விளக்கு எரிந்து அவர் முகத்தை எல்லாருக்கும் காட்டியது. பூதலிங்கம் அன்று பொன்னாடை போர்த்திவிட்ட தன் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டு செருமினார். பிறகு ஆளுக்கொரு வேலை ஞாபகம் வந்து எல்லாரும் கலைந்தார்கள். சந்தனமாரி கடைசியாக நின்றாள். தளவாயைப் பார்த்தாள், பிரமுவைப் பார்த்தாள், “நான் வாரேங்கா” என்றாள். சிரிக்காமல் போனாள்.

“எம்மேலயா?” என்றாள் பிரமு. “கட்டின பொண்டாட்டி மேலயா ஒமக்குப் பொறாம? என்னத்தப் பாத்து? எங்கிட்ட என்ன இருக்கு?”

தளவாய் பையைக் கீழே வைத்தார். அவருக்குப் பேசி வழக்கமில்லை. “டிப்போல எனக்குப் பெறவு சேந்தவனெல்லாம் மேல போயிட்டான். எனக்கு ஒண்ணும் தோணல. வண்டி வந்தா நேரம் எழுதுதேன், சோறு போட்டாத் திங்கேன். எதப் பாத்தாலும் எனக்கு வேணும்னு வரமாட்டேங்கு பிரமு. நீ ஒரு மொழம் பிச்சிப்பூவப் பாத்து நாள் பூரா வேகுத. கண்ணுல தண்ணி வருது, கையி நடுங்குது. இவளால மட்டும் எப்பிடி இப்பிடி உசுரோட இருக்க முடியுதுன்னு நெனச்சிக்கிட்டே சுவிட்சத் தொடுவேன். நம்ம வீட்டுல எரியும்.”

பிரமு கூடத்து விளக்கைப் பார்த்தாள். யாராவது ஒருத்தர் போடமாட்டார்களா என்று தெருவெல்லாம் அவள் தேடிய வெளிச்சத்தில்தான் இத்தனை நாளும் தோசை சுட்டிருக்கிறாள், தலை சீவியிருக்கிறாள், இருட்டில் கிடக்கிறோமே என்று அழுதிருக்கிறாள். கோபம் வந்தது, வெட்கம் வந்தது, இரண்டுக்கும் அடியில் ஒரு சந்தோஷமும் வந்தது. “சொல்லித் தொலைச்சிருக்கப்படாதா?” என்று அவர் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். அவர் மேடையில் சிரித்ததைவிட நன்றாகச் சிரித்தார்.

அன்று நகரத்தில் யாருக்கும் சந்தனமாரியின் ஞாபகம் வரவில்லை. எல்லா வீட்டிலும் தளவாயைப் பற்றியும் பிரமுவைப் பற்றியுமே பேச்சாக இருந்தது, பிரமுவின் கையும் புருஷன் தோளில்தான் இருந்தது. அதனால் கண்ணு வெளிச்சம் குடிவந்த நாளிலிருந்து பொழுதடைந்ததும் தானாக எரிந்துவந்த எதிர்வீடு அன்று இருண்டு கிடந்தது. தன் வீட்டில் தானே விளக்குப் போடவேண்டிய அவசியம் சந்தனமாரிக்கு அதுவரை வந்ததில்லை, அவள் விரல் எங்கே போகும் என்று யாருக்கும் தெரிந்ததில்லை, அவளுக்கே தெரியாது. அவள் கூடத்தில் தடவித் தடவி நடந்து, பேப்பரைப் பிடித்தபடி இருட்டில் தூங்கிக்கொண்டிருந்த புருஷனைத் தாண்டி, சுவிட்சைத் தேடி அமுக்கினாள்.

பிரமுவின் வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தது. அடுத்து பூஜை அறை, குளியலறை, வாசல். தளவாயின் இரண்டு கையும் மடியில்தான் இருந்தன. பிரமு ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள், எதிர்வீடு இருட்டாக இருந்தது, அந்த இருட்டுக்குள் யாரோ மறுபடி மறுபடி சுவிட்சை அமுக்குவதுபோல இங்கே விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்து, கடைசியில் அமுக்கினவள் கை ஓய்ந்ததுபோல எரிந்தபடி நின்றன. வீடு முழுக்க வெளிச்சம். என்ன வெளிச்சம்! உத்தரத்து ஒட்டடைகூடத் தங்கமாகத் தெரிந்தது. பிரமு எதையும் மறைக்காமல் சந்தோஷப்பட்டாள், வயிறு குளிரக் குளிரச் சந்தோஷப்பட்டாள்.

“பாவம்டீ, அங்க இருட்டுல இருக்கா. போயிக் கூப்பிட்டுட்டு வா” என்றார் தளவாய்.

“இன்னைக்கு ஒரு நாளு இருக்கட்டும்” என்றாள் பிரமு, ஜன்னலை விட்டு நகராமல். “நாளைக்கு நானே அவ வீட்டுல வெளக்குப் போட்டுக் குடுக்கேன்.”

“வருமா இனி?”

“எனக்கா வராது? அவ குனிஞ்சி ஒரு கோலம் போடட்டும், பாத்தாப் போதும்.”